உருளும் பீப்பாயும் ஊமைக் காசும்

இங்கிலாந்தில் வாழும் எமது மருமகன் சென்ற மாதம் தொலைபேசியிற் பேசியபோது, "மாமா, நான் ஒரு டம்ளர் வாங்கியிருக்கிறன்" என்றான். தண்ணீர் குடிக்கும் பாத்திரம் வாங்கியதைக் கடல் கடந்து அறிவிப்பானேன் என்று நாம் திகைத்தோம். அருகிலிருந்த எமது இல்லத்தரசியார், "பிள்ளை புதுவீடு போறான் போல கிடக்கு" என்று மகிழ்ந்தார். விஷயம் அதுவன்று. அவன் வாங்கியது மின்சாரத்தால் உருளும் ஒரு சிறு பீப்பாய். அதற்கு அந்நாட்டில் வழங்கும் பெயர் 'ரோட்டரி டம்ளர்' என்பதாகும். கூழாங்கற்களை மெருகிடுவதற்கென அமைந்த அக்கருவியை, மண்ணிற் கண்டெடுத்த காசுகளைத் துலக்கவும் சிலர் பயன்படுத்துகின்றனர்.

எமது மருமகனுக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. விடுமுறை நாள்களிலே, நிலச் சொந்தக்காரரின் அனுமதி பெற்று, உழுத வயல்களில் உலோகங்காணும் கருவியொன்றை ஏந்தி நடப்பான். கருவியின் நுனியிலுள்ள கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பாய்கின்றது. அதனால் எழும் காந்தப் புலம் மண்ணுக்குள் இருக்கும் உலோகத்திலே சிறு மின்னோட்டங்களைத் தூண்ட, அதனைக் கருவி உணர்ந்து ஒலியெழுப்புகின்றது. ஒலித்த இடத்தைத் தோண்டினால் பெரும்பாலும் வெளிப்படுவன போத்தல் மூடி, துருப்பிடித்த ஆணி, யாரோ தவறவிட்ட சில்லறைக் காசு என்பனவே. எப்போதாவது ஒருமுறை பழங்காலத்துப் பொருளொன்றும் கிடைப்பதுண்டு.

"ஒரு டப்பா நிறையச் சேர்ந்துவிட்டுது, மாமா. எல்லாத்தையும் பீப்பாய்க்குள்ளை போட்டு ஒரு இரவு ஓடவிட்டால் காலமை பளபளவெண்டு வரும். போடட்டோ?" என்று கேட்டான்.

நாம் உடனே விடை கூறவில்லை. எமது மேசை அருகே நின்று வேறொரு பிள்ளை கேட்ட கேள்வியொன்று நினைவுக்கு வந்தது.

ஆசிரியத் தொழிலிற் புகுந்த புதிதில், எம்மிடம் படித்த மாணவன் ஒருவன் தன் வீட்டு வளவில் வாழைக்குட்டி நடக் குழி வெட்டுகையிற் கிடைத்த காசொன்றைக் கொண்டுவந்தான். பச்சைக் களிம்பு படிந்த செப்புக் காசு. சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கத்தில் எருதின் உருவமும் அதன் கீழே எழுத்துப் போன்ற சில கோடுகளும் மங்கலாகத் தோன்றின. யாழ்ப்பாணத்து ஆரிய மன்னர்கள் எருதும் 'சேது' என்னுஞ் சொல்லும் பொறித்த காசுகளை வெளியிட்டமை வாசகர்கள் அறிந்ததே. அதுவும் அத்தகையதாகலாம் என்ற ஆவல் எம்மை உந்தியது. எழுத்தைத் தெளிவாக்கிக் காட்டுவோம் என்று சொல்லி, காசை வீட்டுக்கு எடுத்துச் சென்று, புளியும் சாம்பலும் இட்டுப் பொச்சினால் நன்றாகத் தேய்த்தோம். குத்துவிளக்குத் துலக்கிய கைக்குக் காசு எம்மாத்திரம்?

களிம்பு போயிற்று. அதனோடு எருதும் போயிற்று. எழுத்தும் போயிற்று. எஞ்சியது பளபளப்பான ஒரு செப்புத் தட்டு. மறுநாள் அதனைக் கையிலே வாங்கிய மாணவன் இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எழுத்து எங்கை சேர்?" என்று கேட்டான். அக்கேள்விக்கு இன்றுவரை எம்மிடம் விடையில்லை.

செம்பிற் களிம்பைச் சைவ சித்தாந்த நூல்கள் ஆணவ மலத்துக்கு உவமையாகக் கூறும். களிம்பு என்றால் நீக்கவேண்டியது என்பதே நாம் இளமை முதற் கற்ற பாடம். வீட்டிலே புழங்கும் விளக்குக்கும் செம்புக்கும் அது பொருந்தும். மண்ணிலே பல நூற்றாண்டு கிடந்த காசுக்கோ பொருந்தாது. மண்ணின் ஈரமும் உப்பும் காற்றும் செம்பின் மேற்பரப்பைச் சிறிது சிறிதாக உண்கின்றன. உண்ணப்பட்ட செம்பு அவ்விடத்திலேயே முதலிற் செந்நிற ஒட்சைட்டாகவும், அதன்மேற் பச்சை நிறக் காபனேற்றாகவும் மாறிப் படிகின்றது. இவ்வாறு மாறும்போது காசின் பழைய மேற்பரப்பு, அதிலிருந்த உருவத்தோடும் எழுத்தோடும், அந்தக் களிம்புப் படையினுள்ளேயே தங்கிவிடுதல் உண்டு. உள்ளே மீந்திருக்கும் செம்பில் எழுத்து இராது. களிம்பைக் கரைப்பவன் எழுத்தையே கரைக்கின்றான். புளியிலுள்ள அமிலம் செய்ததும் அதுவே.

ஆதலின் மருமகனுக்கு நாம் கூறிய முதல் வார்த்தை இது: "தம்பி, முதலில் டப்பாவைக் கொட்டி மூன்று குவியலாகப் பிரி." அம்மூன்றையும் வாசகர்களும் அறிந்திருத்தல் நன்று.

முதற் குவியல், இன்று கடையிற் செல்லும் காசுகள். இவை கோடிக்கணக்கில் அச்சிடப்பட்டவை. இவற்றைப் பீப்பாயில் இடுவதால் உலகுக்கு நட்டமில்லை. இரண்டாங் குவியல், பீப்பாய்க்கே ஆகாதவை. ஈயம், அலுமினியம், நாகம், எவ்வகைத் தோட்டாவும் வெடிபொருளும் இதில் அடங்கும். மூன்றாங் குவியல், பழையவை, பழையனவோ என்று ஐயம் தருபவை, இன்னதென்று தெரியாதவை. ஐயம் வந்தால் மூன்றாங் குவியலிலேயே சேர்த்தல் வேண்டும்.

முதற் குவியலைத் துலக்கும் முறையைக் காண்போம். இரண்டு உருளைகளின்மேற் கிடையாக வைத்த இறப்பர்ப் பீப்பாயை ஒரு சிறு மோட்டர் மெல்லச் சுழற்றுகின்றது. உள்ளே காசும் சிறு சரளைக் கல்லும் நீரும் உண்டு. பீப்பாயின் சுவரோடு சிறிது உயரம் ஏறிய கலவை, பின்னர் மண்சரிவு போலச் சரிந்து வழிகின்றது. அச்சரிவிலேதான் கல்லும் காசும் உராய்ந்து அழுக்கு அகலுகின்றது. பீப்பாய் மிக விரைந்து சுழன்றால் உள்ளிருப்பவை சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், உராய்வு நிகழாது. மிக மெதுவாகச் சுழன்றால் அடியில் வழுக்கிக்கொண்டே கிடக்கும். பௌதிகம் படிக்கும் மாணவர்கள் இதனை ஒரு மூடிப் போத்தலில் அரிசியிட்டு உருட்டிப் பார்க்கலாம்.

காசுகளை முதலில் ஓரிரவு நீரில் ஊறவைத்து மண்ணைக் கழுவுதல் வேண்டும். பின்னர் உலோகம் உலோகமாகப் பிரித்தல் வேண்டும். செந்நிறக் காசையும் வெண்ணிறக் காசையும் ஒருங்கே இட்டால், வெண்ணிறக் காசுகள் செம்பின் சாயலேறி வெளிவரும். பிரித்தானிய நாட்டின் 1, 2 பென்ஸ் காசுகள் முன்னர் வெண்கலத்தால் ஆனவை. 1992 முதல் அவை பெரும்பாலும் செம்பு பூசிய உருக்கே. 5, 10 பென்ஸ் காசுகளும் 2012 அளவில் நிக்கல் பூசிய உருக்காக மாறின. ஒரு காந்தத் துண்டு இவற்றைக் காட்டிக்கொடுக்கும். பூச்சுள்ள காசை நெடுநேரம் உருட்டினாற் பூச்சுத் தேய்ந்து உள்ளிருக்கும் உருக்குத் துருப்பிடிக்கும்.

பீப்பாயின் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையே நிரப்பலாம். காசும் கல்லும் மூழ்குமளவு நீரும், பாத்திரங் கழுவும் திரவம் ஒரு துளியும் போதும். நிறைய அடைத்தால் உள்ளே எதுவும் சரியாது, மோட்டரும் சூடேறும். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, திறந்து பார்த்து, வேண்டுமாயின் மீண்டும் ஓடவிடலாம். 'ஓரிரவு ஓடட்டும்' என்று விட்டு உறங்கச் செல்வது தவறு. உறங்கும் வீட்டிற் சூடேறும் மோட்டரைக் காவலின்றி விடுதல் எவ்விடத்தும் தகாது. கருவியைத் தீப்பற்றாத சமதளத்தில், காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்கவேண்டும். ஈரக் கையாற் செருகியைத் தொடலாகாது. சுழலும் உருளையினருகே சேலைத் தலைப்பும் நீண்ட கூந்தலும் சிறுவர் விரலும் செல்லலாகாது.

இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. 'சிறிது வினாகிரி விட்டால் விரைவிற் பளபளக்கும்' என்று சொல்வோர் பலர். அமிலம் நாகத்தோடும் இரும்போடும் அலுமினியத்தோடும் சேர்ந்தால் ஐதரசன் வாயு எழும். அதனோடு அப்பச்சோடாவையும் கலந்தாற் காபனீரொட்சைட்டு எழும். இறுக மூடிய பீப்பாயிலே வாயு போக வழியின்றி அமுக்கம் ஏறி, மூடி தெறித்து முகத்தில் அடிக்கலாம். ஐதரசனோ தீப்பற்றும் வாயு. வீடு துப்புரவாக்கும் வெளிற்றும் நீரையும் அமோனியாவையும் கலத்தல் இன்னுங் கொடிது. அதிலெழும் நச்சு வாயு நுரையீரலைத் தாக்கும். மூடிய பாத்திரத்தில் நீரும் சவர்க்காரமுமன்றி வேறெதுவும் வேண்டாம். அவற்றை மட்டும் இட்டாலும் இடையிடையே மூடியைத் திறந்து காற்றுப் போக்குதல் நன்று.

வேலை முடிந்தபின் எஞ்சும் கரிய சேற்றுநீரில் உலோகத் துகள் நிறைந்திருக்கும். அதனைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றலாகாது. ஒரு பழைய வாளியில் அடையவிட்டு, அடியில் தங்கும் சேற்றை உலரவிடாமலே பையிற் கட்டி அகற்றவேண்டும். உலர்ந்தால் அதன் தூசி மூச்சோடு உள்ளே செல்லும். கைக்குக் கையுறை வேண்டும். சமையற் பாத்திரம் எதனையும் இவ்வேலைக்கு எடுத்தலாகாது.

இரண்டாங் குவியலில் ஈயத்தை ஏன் சேர்த்தோம் எனின், அது நஞ்சு. சிறுவர்க்கு மிகக் கொடியது. உருட்டினால் அதன் துகள் நீரெங்கும் பரவும். இங்கிலாந்து வயல்களிலே பழைய துப்பாக்கிகளின் ஈயக் குண்டுகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றையும் குப்பை என்று எண்ணலாகாது. 1485ஆம் ஆண்டில் மூன்றாம் ரிச்சட் மன்னன் வீழ்ந்த பொஸ்வேர்த் போர்க்களம், நெடுங்காலமாக நம்பப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தள்ளியிருந்தது. ஆய்வாளர்கள் இதனை அறிந்தது 2010ஆம் ஆண்டளவிலேதான். வயல்களிற் கிடந்த ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக வரைபடத்திற் குறித்தமையே அதற்குப் பெருந் துணையாயிற்று.

இனி மூன்றாங் குவியலுக்கு வருவோம். ஜெர்மானிய அறிஞர் மோஸ் 1812இல் வகுத்த வன்மை அளவையிலே செம்பும் வெள்ளியும் 3 என்னும் எண்ணைத் தாண்டுவதில்லை. சரளையிலுள்ள படிகக் கல்லோ 7ஆவது இடத்தில் நிற்கின்றது. வன்மை மிக்கது மென்மையானதைக் கீறும் என்பது விதி. பீப்பாயினுள் ஒரு மணி நேரத்தில் இக்கீறல் ஆயிரக்கணக்கில் நிகழும். நாம் பொச்சினாற் செய்த பிழையை இயந்திரம் களைப்பின்றிச் செய்து முடிக்கும். பழங்காசு சேர்ப்போரும் இவ்வாறு துலக்கிய காசைக் கண்டவுடன் இனங்கண்டு விலையைக் குறைத்துவிடுவர்.

அறிந்தோர் எவ்வாறு செய்கின்றனர் என்பதற்கு இரண்டு சான்று கூறுவோம். 2010 ஏப்ரலில் சமர்செட் பகுதியில், புரூம் என்னும் ஊரருகே, டேவ் கிறிஸ்ப் என்பவர் வயலொன்றிற் காசு நிறைந்த பானையைக் கண்டார். ஒரு பிடி எடுத்துப் பார்த்ததும் தோண்டுவதை நிறுத்தி, குழியை மூடி, தொல்பொருளாய்வாளருக்கு அறிவித்தார். அவர்கள் பானையைப் படை படையாக வெறுமையாக்கினர். உள்ளே இருந்தவை 52,503 உரோமக் காசுகள். காலத்தாற் பிந்திய காசுகள் மேலே இராது பானையின் கீழ்ப்பகுதியிலே காணப்பட்டமையால், அவை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகச் சேமிக்கப்பட்டவையல்ல, ஒரே முறையில் இடப்பட்டவை என்று அறிஞர் துணிந்தனர். அள்ளிக் கொட்டித் துலக்கியிருந்தால், காசு மின்னியிருக்கும், செய்தி மறைந்திருக்கும்.

2009இல் ஸ்ராபோட்சயர் வயலொன்றில் ஏறத்தாழ 4 கிலோகிராம் பொன்னாலான ஏழாம் நூற்றாண்டுப் பொருள்கள் கிடைத்தன. பொன் மென்மையானது, உருக்கு ஊசி பட்டாற் கீறும். எனவே அருங்காட்சியகத்துப் பாதுகாவலர்கள் செடியின் முள்ளைக் கருவியாகக் கொண்டு, உருப்பெருக்கியின் கீழ் மண்ணைத் துகள் துகளாக அகற்றினர். முள்ளை முள்ளால் எடுப்பது நமது வழக்கு. அவர்கள் மண்ணையும் முள்ளாலே எடுத்தனர்.

வீட்டிலுள்ளோர் செய்யத்தக்கது மிகச் சிறிது. கண்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுக. நிழற்படம் எடுக்குக. மண் தானே உலர்ந்தபின் மெல்லிய தூரிகையால் உதிர்வதை மட்டும் உதிர்த்து, ஈரம் புகாத சிறு பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு வைக்குக. வெளிர்ப் பச்சைத் தூள் உதிருமாயின் அது உப்பினால் வரும் நோய். ஈரம் பட்டால் மேலும் பரவும். அதற்கு அறிந்தவரை நாடவேண்டும். இங்கிலாந்திலே 1996ஆம் ஆண்டின் புதையற் சட்டத்துக்கு உட்பட்ட பொருளாயின் 14 நாள்களுக்குள் அறிவித்தலும் கடமை. அங்கே புதையலை விசாரிப்பவர் மரண விசாரணை அதிகாரி என்பது நமக்கு விந்தையாகத் தோன்றும்.

இதனைப் படிக்கும் நமது மாணவர்கள் அக்கருவியொன்றை வாங்கி வளவெங்கும் தேடப் புறப்படுதல் கூடாது. நமது நாட்டின் 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2ஆந் திகதிக்கு முந்திய பொருள்களைத் தொல்பொருள் என்று கொள்கின்றது. மண்ணுள் மறைந்து கிடப்பவை அரசுக்கு உரியவை. உரிமப் பத்திரமின்றி அவற்றைத் தேடித் தோண்டுதல் குற்றம். தற்செயலாகக் கிடைத்தாலும் அறிவித்தல் வேண்டும். அதனினும் முக்கியமானது உயிர். போர் 2009இல் முடிந்தது. எனினும் வடக்கின் மண்ணிலே கண்ணிவெடியும் வெடிக்காத எறிகணையும் இன்னும் கிடைக்கின்றன. துருப்பிடித்த இரும்பெதனையும் தொடாமலும் தட்டாமலும், வந்த அடியிலேயே திரும்பி, பொலிஸாருக்கு அறிவிக்கவேண்டும்.

மருமகன் மறுபடியும் சென்ற வாரம் அழைத்தான். முதற் குவியல் நன்றாகத் துலங்கியதாம். அதனைக் கொண்டு கடையில் தேநீர் வாங்கிக் குடித்தானாம். மூன்றாங் குவியலில் நகத்தளவான பச்சைத் தட்டொன்று இருந்தது. அதனை அப்பகுதியிற் கண்டெடுத்த பொருள்களைப் பதிவுசெய்யும் அலுவலரிடம் காட்டியிருக்கின்றான். உருப்பெருக்கியின் கீழ் இரண்டு போர்வீரரும் அவரிடையே ஒரு கொடியும் தெரிந்தனவாம். உரோமப் பேரரசர் கொன்ஸ்ரன்ரைன் குடும்பத்தார் காலத்துக் காசு. விலை சொற்பமே. ஆயினும் அந்த வயலின் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் இலங்கை மண்ணிலும் ஏராளமாகக் கிடைத்துள்ளமையை அவனுக்குச் சொன்னோம். "அங்கையுமோ மாமா?" என்று வியந்தான்.

நாம் தேய்த்த காசைச் சில ஆண்டுகளின் பின், சட்டத்தை அறிந்துகொண்டு, உரிய திணைக்களத்தாரிடம் ஒப்படைத்தோம். பெற்றுக்கொண்ட அலுவலர் அதனை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் கூறாமல் ஒரு சிறு உறையில் இட்டு, உறையின்மேல் எழுதினார். அரசன் பெயரோ காலமோ எழுத அவருக்கு ஒன்றுமிருக்கவில்லை. 'செம்பு, தேய்ந்தது' என்று மட்டும் எழுதினார்.

வாசகர்கள் தத்தம் வீட்டுப் பெட்டகத்திற் பாட்டன் காலத்துக் காசு ஏதும் இருப்பின், இன்றே எடுத்துப் பாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், கதை சொல்லுங்கள். புளியும் சாம்பலும் குத்துவிளக்கோடு நிற்கட்டும்.